தொட்டில் கட்டுமுன் கணக்கு எழுதுவோம்

(நமது பங்கின் ஜூபிலி ஆண்டையொட்டி இளந் தம்பதியருக்காக நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில், ஏற்காட்டைச் சேர்ந்த ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



"குடும்ப வாழ்வைப் பற்றி நீங்கள் இருவரும் பேசவேண்டும்" என்று பங்குத்தந்தை அவர்கள் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். அன்பு, பொறுமை, விட்டுக்கொடுத்தல் இவற்றைப் பற்றி எங்களைவிட அழகாகப் பேசக்கூடியவர்கள் இந்தப் பங்கில் பலர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அன்புக்குச் சோதனை வந்தபோதெல்லாம் அது பணத்தின் உருவில்தான் வந்தது. ஆகவே, குழந்தை பிறக்குமுன் எழுதவேண்டிய வரவு செலவுக் கணக்கைப் பற்றியே பேசுகிறோம் என்றோம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற உவமையை நாம் அனைவரும் அறிவோம். கோபுரத்துக்கு வேண்டியது தொட்டிலுக்கும் வேண்டுமல்லவா?

எங்களுக்கு 2012 மே மாதம் திருமணம் நடந்தது. எங்களில் கணவர் ஒரு காபித் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தர். மாதச் சம்பளம் ரூ. 9,500. மனைவி கணிதப் பட்டதாரி. ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதும் வேலை, சம்பளம் ரூ. 6,000. திருமணமான புதிதில் நாங்கள் மூன்று ஆசைகளை வைத்துக்கொண்டோம். மனைவி பி.எட். படித்து ஆசிரியை ஆகவேண்டும். சொந்தமாக இரண்டு அறை கொண்ட ஒரு வீடு கட்டவேண்டும். முதுமையில் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும். முதல் ஆசைக்காக ஓராண்டுக்குள் ரூ. 30,000 சேர்த்தும் விட்டோம்.

2013 மார்ச்சில் இறைவன் எங்களுக்கு ஒரு குழந்தையைத் தரப்போகிறார் என்று தெரிந்தது. மகிழ்ச்சிக்கு அளவில்லை. கணக்கு எழுதவேண்டும் என்ற எண்ணம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று இருந்துவிட்டோம். ஊற்றுவான்தான், ஆனால் குடம் எடுத்துப் போகவேண்டியவர்கள் நாம் அல்லவா!

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறோம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. உறவினர் மனம் கோணக்கூடாதென்று ரூ. 22,000 செலவிட்டோம். நவம்பரில் பேறுகாலம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை; அறுவைச் சிகிச்சை; ரூ. 38,000 ஆயிற்று. ஞானஸ்நானத்தன்று நூற்றைம்பது பேருக்கு விருந்து, ரூ. 35,000. மூன்றும் சேர்ந்து ரூ. 95,000. பி.எட். படிப்புக்கு வைத்திருந்த முப்பதாயிரம் முதலில் போயிற்று. நகையை வைத்து நாற்பதாயிரம் வாங்கினோம். மீதி இருபத்தையாயிரத்தை மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கினோம். மூன்று வட்டி என்றால் காதுக்குச் சிறியதாக இருக்கும். மாதம் ரூ. 750, ஆண்டுக்கு ரூ. 9,000. எங்களில் கணவர் ஏறக்குறைய ஒரு மாதம் முழுவதும் உழைத்துப் பெறும் சம்பளம் அது!

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. அதை நாங்கள் வெகுநாள் பிழையென்றே உணரவில்லை. 2013 ஆகஸ்டில் மனைவி தன் கையாலேயே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். "பிள்ளை பெறப் போகிறவள் வேலையை விடத்தானே வேண்டும்" என்று வீட்டிலும் சொன்னார்கள், வேலை பார்த்த இடத்திலும் சொன்னார்கள். இருபத்தைந்து பேர் வேலை செய்த இடம் அது. 1961-ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டப்படி, பேறுகாலத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்குச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அந்நாளில் அது 12 வாரம். எங்களுக்கு அது தெரியாது, எவரும் சொல்லவுமில்லை. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ரூ. 16,500 விட்டுப்போயிற்று. வேலையும் விட்டுப்போயிற்று. வருங்கால வைப்பு நிதியில் இருந்த சிறு தொகையையும் எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டோம். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால்தான் அதில் ஓய்வூதியம் உண்டு. எடுத்த பணத்தோடு அந்த இரண்டாண்டுச் சேவையும் கரைந்தது.

15,500 ரூபாயில் நடந்த குடும்பம் 9,500 ரூபாயில் நடக்கவேண்டியதாயிற்று. வாடகை, மளிகை, பால், பெரியோருக்கு அனுப்பும் பணம், சீட்டு, வண்டிக் கடன் எல்லாம் சேர்ந்து மாதம் ரூ. 14,300 ஆகிக்கொண்டிருந்தது. இப்போது குழந்தைச் செலவும் வட்டியும் கூடின. 2014-இல் ஒருநாள் வட்டி கட்ட வழியில்லை. அன்றிரவு எங்களுக்குள் பேச்சு முற்றியது. "குழந்தை நம் இருவருக்கும்தானே? தள்ளிப்போவது என் படிப்பு மட்டும்தானா?" என்று மனைவி கேட்டாள். கணவரிடம் பதில் இல்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை சத்தம் கேட்டு விழித்து அழுதது. அந்த அழுகையை இன்றும் எங்களால் மறக்க முடியவில்லை.

படிப்பை "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளினோம். 2014 போயிற்று. 2015-இல் விசாரித்தபோது, பி.எட். படிப்பு நாடு முழுவதும் ஓராண்டிலிருந்து ஈராண்டாக மாறிவிட்டது என்றார்கள்! இரண்டு மடங்கு காலம், இரண்டு ஆண்டு பஸ் கட்டணம், இரண்டு ஆண்டு வருமானமின்மை. நகை வீடு திரும்பியது 2016 ஏப்ரலில். அந்த ஆண்டுதான் மனைவி படிப்பில் சேர்ந்தாள். மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியற்காலைப் பனியில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் போய், மாலையில் மீண்டும் ஏறி வந்தாள். 2018-இல் தேறினாள்.

தள்ளிப்போடுவதில் தவறில்லை, நண்பர்களே. குழந்தைக்காகச் சிலவற்றைத் தள்ளித்தான் ஆகவேண்டும். ஆனால் தள்ளிப்போடுகிற காரியத்துக்குத் தேதியும் தொகையும் எழுதிவைக்கவேண்டும். தேதியில்லாத ஆசையைத் தேதியுள்ள செலவுகள் விழுங்கிவிடும். கடன்காரர் தேதி வைத்திருக்கிறார், வீட்டுக்காரர் தேதி வைத்திருக்கிறார். நம் படிப்புக்கும் வீட்டுக்கும் நாம்தான் தேதி வைக்கவேண்டும்.

இவ்வளவும் பட்டபின் இரண்டாம் குழந்தைக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறோம். 2019 பிப்ரவரியில் செய்தி தெரிந்த அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பக்கத்தில் மூன்று பத்தி பிரித்தோம். முதல் பத்தி, ஒரே தடவை வரும் செலவு: மருத்துவம், பயணம், தொட்டில், கம்பளி, ஞானஸ்நானம். இரண்டாம் பத்தி, மாதாமாதம் கூடும் செலவு: தாயின் உணவு, கூடுதல் பால், சோப்பு, மருந்து. மூன்றாம் பத்தி, நின்றுபோகும் வருமானம். பெரும்பாலோர் முதல் பத்தியை மட்டும் மனத்தில் எண்ணுகிறோம். குடும்பத்தைச் சாய்ப்பது மூன்றாவது பத்திதான்.

அப்போது மனைவி ஒரு பள்ளியில் ரூ. 9,000 சம்பளத்தில் ஆசிரியை. கணவரின் சம்பளம் ரூ. 16,000. குழந்தை பிறக்கும் வரை கணவரின் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது என்றும், மனைவியின் சம்பளத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுவது என்றும் தீர்மானித்தோம். இது சேமிப்பு மட்டுமல்ல, ஒத்திகையுமாகும். ஒரு சம்பளத்தில் வாழ முடியுமா என்பது குழந்தை வந்தபிறகு தெரிவதைவிட, வருமுன் தெரிவது நல்லதல்லவா? முதல் மாதம் முடியவில்லை. கடைசி வாரம் திண்டாடினோம். சீட்டைச் சிறிதாக்கினோம். மூன்றாம் மாதம் பழகிவிட்டது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத்தில் ரூ. 54,000 சேர்ந்தது.

இந்த முறை பிரசவம் அரசு மருத்துவமனையில். 2011 முதல் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், அறுவைச் சிகிச்சையும், மருந்தும், தாயின் உணவும் கட்டணமில்லாதவை என்பதை நம்மில் பலர் அறியோம். ஆனால் நம் மலைக்கென்று ஒரு தனிச் செலவு உண்டு. அது இறங்கும் செலவு! நள்ளிரவில் வலி கண்டு, மூடுபனியில் கார் பிடித்து மலை இறங்குவது ஆபத்தும் செலவுமாகும். நாங்கள் டாக்டர் குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்பே பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். அவசரத்துக்கு 108 இருக்கிறது; ஆயினும் வளைவுகளை எண்ணிப் பார்த்து முன்கூட்டியே இறங்குவது மேல்.

நம் மலைக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே துணி உலராது. சமவெளியில் ஒரு டஜன் துணி போதுமென்றால் இங்கே இரண்டு டஜன் வேண்டும். பழைய பருத்தி வேட்டிகளையும் சேலைகளையும் வெட்டித் தைத்துக்கொண்டோம். ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி எல்லாம் மூத்தவளுடையதே போதுமாயிற்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கடைப்பிடித்தோம். மாவு டின் வாங்கவில்லை. தடுப்பூசிகள் அரசு மையத்தில் இலவசம். ஞானஸ்நானம் ஞாயிறு திருப்பலிக்குப்பின்; நெருங்கிய முப்பது பேருக்குப் பொங்கலும் காபியும். ரூ. 3,500. விருந்து குறைந்ததால் ஞானஸ்நானம் குறைந்துவிடவில்லை. இதைச் சொல்லக் கூச்சப்பட்ட காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. மருத்துவம், பயணம், துணிமணி, ஞானஸ்நானம் எல்லாம் சேர்ந்து ரூ. 12,000-இல் முடிந்தது. ரூ. 42,000 மீந்தது.

விடுப்பையும் இம்முறை எழுத்தில் கேட்டோம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்புத் தந்தது. மூன்றாம் குழந்தை முதல் 12 வாரம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே அளவையே வைத்திருக்கிறது. கேட்டோம், கிடைத்தது. 2020 பிப்ரவரியில் மனைவி வேலைக்குத் திரும்பினாள்.

அடுத்த மாதம் நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. பள்ளிகள் மூடின. கோடையில் கூட்டம் தாங்காத ஏற்காட்டில் ஏரியில் ஒரு படகும் ஓடவில்லை. விடுதிகளில் வேலை பார்த்த நம் பங்குப் பிள்ளைகள் எத்தனை பேர் வருமானமின்றி வீட்டிலிருந்தார்கள்! மனைவிக்கு ஏப்ரல் முதல் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. மீந்திருந்த 42,000 ரூபாயிலிருந்து மாதம் ஏழாயிரம் எடுத்தோம். ஐந்து மாதத்தில் 35,000. கடன் வாங்கவில்லை, நகையை வைக்கவில்லை, எவர் வீட்டுத் திண்ணையிலும் தலை குனிந்து நிற்கவில்லை. முதல் குழந்தையின்போது இந்த நோய் வந்திருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று எண்ணி அஞ்சியிருக்கிறோம். அந்தப் பணம் குழந்தைக்காகச் சேர்த்தது. குழந்தையைக் காத்ததோடு எங்கள் எல்லோரையும் காத்தது.

"உங்களுக்கு மாதச் சம்பளம், தினக்கூலிக்கும் சிறு விவசாயிக்கும் இது பொருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மலையின் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் எடுக்கும் காலத்தில் கை நிறையும், பின்பு மெலியும். மிளகும் காபியும் வைத்திருப்போருக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரும்பணம். ஆகவே அவர்கள் மாதக் கணக்கைவிட்டு ஆண்டுக் கணக்கு எழுதவேண்டும். பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, எந்த மாதம் எவ்வளவு வரும் என்று எழுதி, குழந்தை எந்தக் கட்டத்தில் பிறக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெலிந்த மாதத்தில் பேறுகாலம் வந்தால், கொழுத்த மாதத்திலேயே அந்தப் பணத்தை எடுத்து ஒதுக்கிவிடவேண்டும்.

காபி விலையை நம்பித் தவணைக் கடன் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் விலை நம் கையில் இருந்ததேயில்லை. 1975-லும் 1994-லும் பிரேசிலில் உறைபனி விழுந்து செடிகள் கருகியபோது உலக விலை ஏறியது. 2001, 2002-ஆம் ஆண்டுகளில் அடிமட்டத்துக்கு விழுந்து தோட்டங்கள் தள்ளாடின. 2024, 2025-இல் மீண்டும் உச்சம் கண்டது. ஏறிய விலையில் கிடைத்த பணத்தைக் கடன் தீர்க்கவும் சேமிக்கவும் பயன்படுத்துங்கள். அந்த விலை என்றும் நிற்குமென்று எண்ணிப் பத்தாண்டுத் தவணையில் கையொப்பமிடாதீர்கள். காபி வாரியம் எல்லார் காபியையும் பொதுவில் வாங்கிப் பல தவணையாகப் பணம் கொடுத்த முறை 1996-இல் முடிந்துபோயிற்று. அன்று வாரியம் பிரித்துக் கொடுத்ததை இன்று நாமே பிரித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

நமக்கு உரிமையானவற்றையும் தயங்காமல் கேட்டுப் பெறவேண்டும். கருவுற்ற பன்னிரண்டு வாரத்துக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதியுதவி 2011-இல் ரூ. 12,000 ஆகவும், 2018-இல் ரூ. 18,000 ஆகவும் உயர்ந்தது. அதில் நான்காயிரம் ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் மீதி பணமாகவும் தவணைகளில் தரப்பட்டது. ஏழைக் குடும்பத்துத் தாய்மாருக்கு, பத்தொன்பது வயது நிறைந்தோருக்கு, முதலிரண்டு பேறுகளுக்கென ஏற்பட்ட உதவி அது. இன்றைய விதியைச் செவிலியரிடமே கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தாய்மாருக்கும் பேறுகால விடுப்பு உண்டு. குழந்தைகள் காப்பகத்துக்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வழி செய்தது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. இவை எவரிடமும் கையேந்துவது ஆகாது.

எதிர்காலச் சேமிப்பு பெரிய தொகையாக இருக்கவேண்டும் என்பதில்லை. மூத்தவள் பெண் குழந்தை. 2015-இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் அந்த ஆண்டே அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கினோம். கடனில் இருந்த காலம், ஆண்டுக்கு ரூ. 1,000 போடவே திணறினோம். பின்னர் மாதம் ரூ. 500 ஆக்கினோம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு ஆண்டுக்கு ரூ. 250 இருந்தால்கூடப் போதும். பதினைந்து ஆண்டு கட்டவேண்டும். பதினெட்டு வயதில் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். காபிக் கன்று நட்டால் மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தானே பலன் பார்க்கிறோம்? அதுவரை செடியைத் திட்டுவதில்லையே!

ஆனால் ஒரு வரிசை உண்டு. முதலில் கந்துவட்டிக் கடனைத் தீருங்கள். அடுத்து மூன்று மாதச் செலவைக் கைவசம் வையுங்கள். அதன்பிறகே நீண்டகாலச் சேமிப்பும் வீடும். நாங்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்து அடிபட்டவர்கள்.

கணவன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழந்தை வந்ததும் யார் வேலையை விடுவது என்பதைக் கேட்காமலே முடிவு செய்துவிடாதீர்கள். மனைவி வேலையை விட்டால் போவது அந்த மாதச் சம்பளம் மட்டுமல்ல. அனுபவம், வைப்பு நிதி, நாளைய பதவி எல்லாம் போகும். இருவரும் உட்கார்ந்து, எழுதிப் பார்த்து, பின்பு முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து குழந்தையை வளர்ப்பதே நல்லது என்று இருவரும் மனமொத்து முடிவு செய்தால் அதுவும் நன்றே. ஆனால் வேலைக்குத் திரும்பும் நாளையும் அந்த நோட்டில் எழுதிவையுங்கள். மாமியார்மாரே, குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்ட ஒரு தாயின் உதவியால்தான் எங்கள் வீட்டில் ஓர் ஆசிரியை உருவானாள். அந்த உதவிக்கு எந்த நோட்டிலும் விலை எழுத முடியாது.

இன்று மூத்தவள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கிறாள். சின்னவன் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். இரண்டு அறை வீடு 2023-இல் எழும்பியது. ஆசைப்பட்டதைவிட ஆறு ஆண்டு தாமதம். அந்த ஆறு ஆண்டும் முதல் குழந்தையின்போது கணக்கு எழுதாமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை என்று எண்ணுகிறோம். இங்கே அமர்ந்திருக்கும் இளந் தம்பதியருள் தாய்மைப் பேற்றை எதிர்நோக்கியிருப்போர் சிலர் உண்டு. நீங்கள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டு முடித்தபின், ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். எழுதும்போது இருவரும் பக்கத்தில் இருங்கள். தொகை சிறிதாக இருக்கிறதே என்று வெட்கப்படவேண்டாம். எழுதத் தெரியாத கணக்கு ஏதேனும் இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும், காபியும் உண்டு.

 பிறக்கப்போகும் குழந்தைகள் நலமுடன் பிறந்து, கடனில்லாத வீட்டில், சண்டையில்லாத தொட்டிலில் உறங்கும்படி இறைவன் அருள்புரிவாராக!